"அப்படியே" என்று போட்டேன்

"தெரியும் சார். நீங்க 'அப்படியே'ன்னு போட்டிருந்தீங்கள்ல."

ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் எங்கள் மாஸ்டர் சொன்னது இவ்வளவுதான். கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. நாலு மாதமாகியும் அது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டுக்கு, தரையின் ஓரத்தில் பதிக்கும் ஓரக்கல் வேலை. உடைந்த கல்லுக்கு ஜோடியாகப் புதுக்கல் வேண்டும், கொடி இடப்பக்கம் சுருள வேண்டும். படமெடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "அப்படியே, 180 கல்" என்று எழுதினேன். அவரும் படத்தில் இருந்தபடியே அச்சைச் செய்ய வைத்தார். ஆத்தங்குடிக் கல்லில் கண்ணாடி மேல் அச்சை வைத்து நிறத்தை ஊற்றுகிறோம், அதற்கு மேல்தான் சிமெண்டும் மணலும். தொட்டியில் ஊறி, காய்ந்து, கண்ணாடி கழன்றால் அடியில் இருந்ததுதான் முகம். இடது வலதாகிவிடும். 180 கல்லிலும் கொடி வலப்பக்கம் சுருண்டிருந்தது.

"ஏண்ணே, திரும்பி வரும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. வாயால் சொன்ன காலத்தில் 200 பச்சைக் கல் 300 ஆகும், யார் சொன்னது என்று சண்டை வரும். எழுத்தில் போட ஆரம்பித்த பிறகு அந்தச் சண்டை அறவே இல்லை. இதைத் தப்பென்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

ஆனால் முன்பு படத்தோடு போய் அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்காருவேன். கை நிறத்தை ஊற்றிக்கொண்டிருக்கும், வாய் பேசும். "இந்த மஞ்சள் எடுக்காது தம்பி, கொஞ்சம் காவி சேர்ப்போம்" என்பார். சேர்த்தால் கல் அப்படி இருக்கும்! குரூப்பில் அவரிடமிருந்து வருவது கட்டைவிரல் மட்டும்தான்.

தம்பி எப்போது சார் ஆனேன்? குரூப் தொடங்கிய வாரம் ஏதோ சந்தேகம் கேட்க என் மேசைக்கு வந்தார். தலையைத் தூக்காமல், "எல்லாம் போட்டிருக்கேன்ல, பாருங்கண்ணே" என்றேன். அன்றைக்காகத்தான் இருக்க வேண்டும். அல்லது, வேலை வேலையாக நடக்கட்டும் என்று அவரே ஒதுங்கியிருக்கலாம். தெரிந்தே 180 கல்லை வீணாக்குகிறவர் அல்ல அவர். நான் வேண்டுமென்றே அப்படிக் கேட்டதாக நினைத்திருப்பாரோ? அப்படியே இருந்தாலும், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மனசு திரும்ப அங்கேயே போகிறது. கேட்க வந்தவரைத்தானே நான் திருப்பி அனுப்பினேன்.

போன வாரம் புது டிசைனைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பழையபடி பக்கத்தில் உட்கார்ந்து, "இது சரியா வருமாண்ணே?" என்று கேட்டேன்.

படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க சொன்னாச் சரிதான் சார்."