டயருக்குக் கல் வைக்க முடியாத இடம்

ஏற்காடு மலை ஏறும் லாரி நடுவழியில் நின்றுவிட்டால், கிளீனர் முதலில் ஓடிப்போய்ப் பின் டயருக்கு ஒரு கல்லை வைப்பார். எங்களுக்குப் போன் வருவது அதற்கு அப்புறம்தான். டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனாலும் அந்தக் கல் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே இருக்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் நான் ரோட்டில் மல்லாந்து படுத்து வேலை பார்த்திருக்கிறேன். டீசல் இஞ்சின் எங்கே நின்றாலும் கிளப்பிவிடலாம் என்ற நினைப்பும் அப்படியே வளர்ந்திருந்தது, 2018 ஜூன் மாதம் ஒரு விசைப்படகில் கடலுக்குப் போய் வரும்வரை.

எங்கள் பட்டறை சேலத்தில் கொண்டலாம்பட்டி பைபாஸை ஒட்டி இருக்கிறது. சங்ககிரி, நாமக்கல் லாரிகள்தான் வாடிக்கை. படகு வேலை வந்தது ஒரு லாரி டிரைவர் மூலம். அவருடைய மச்சான் கடலூர் முதுநகரில் விசைப்படகு வைத்திருந்தார். அதில் இருந்தது லேலண்ட் ஆறு சிலிண்டர் இஞ்சின், நம் ஊர் லாரியில் ஓடும் அதே குடும்பம். ரேடியேட்டருக்குப் பதிலாகக் கடல் தண்ணீரை வைத்துக் குளிரவைக்கும் ஏற்பாடு. கியர் பாக்ஸில் முன்னே, பின்னே என்று இரண்டே போக்கு. மற்றபடி பிஸ்டன், லைனர், பம்ப், நாசில் எல்லாம் கை பழகிய சாமான்கள்தான்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று விசைப்படகுகளைக் கடலுக்கு விடுவதில்லை. படகுக்காரர்களுக்கு அதுதான் மராமத்துக் காலம். பெயிண்ட் அடிப்பார்கள், பலகை மாற்றுவார்கள், வலையைப் பழுது பார்ப்பார்கள், இஞ்சினை இறக்குவார்கள். அப்படி இறங்கிய இஞ்சின் ஒரு மினி லாரியில் ஏறிச் சேலம் வந்து சேர்ந்தது. உப்பு பிடித்த போல்ட்டுகளைக் கழற்றவே ஒரு நாள் போனது. முழு ஓவராயில் செய்தோம். கிராங்க் ஷாஃப்ட்டைப் பக்கத்து லேத்காரர் பார்த்துக்கொண்டார், செல்ஃப் மோட்டாரையும் டைனமோவையும் எங்கள் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பார்த்துக்கொண்டார். ஸ்டாண்டில் ஏற்றி ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி ஓட்டியதில் மணி மாதிரி ஓடியது. ஜூன் முதல் வாரம் கடலூர் போய் மாட்டியும் கொடுத்தோம். கரையில் கட்டிப்போட்டபடி மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை.

“தடை முடிஞ்சு முதல் தொழிலுக்குப் போறப்ப நீங்களும் வாங்க தம்பி. வேலை செஞ்சவங்க கூட இருந்தா எங்களுக்கும் ஒரு தைரியம்” என்றார் படகுக்காரர். லேத்காரர், எலெக்ட்ரீஷியன், நான் என்று மூன்று பேரும் ஆத்தூர், விருத்தாசலம் வழியாகப் பஸ் ஏறினோம். வேலைக்குப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தோம். லேத்காரர் மடியில் வைத்திருந்த தெர்மகோல் பெட்டியைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். சேலத்தில் நாங்கள் அதிகம் சாப்பிடுவது மேட்டூர் அணை மீன். கட்லா, ரோகு, ஜிலேபி. கடல் மீன் ஐஸில் படுத்துப் படுத்து எங்கள் ஊர் வருவதற்குள் அதற்குக் கண் குழிந்துபோகும். இந்தத் தடவை துடிக்கத் துடிக்கக் கொண்டுவருவது என்று அவருக்கு ஒரு வைராக்கியம்.

நள்ளிரவு தாண்டித் தடை முடிந்ததும் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. படகில் டிரைவரோடு ஆறு பேர், எங்களோடு ஒன்பது. டிரைவர் எந்த ஊர் என்று கேட்டார். கொண்டலாம்பட்டி என்றதும் சிரித்துவிட்டார். “கொண்டல்னா எங்களுக்குக் கிழக்கேர்ந்து வர்ற காத்து. ஊருக்குக் காத்துப் பேரை வச்சிருக்கீங்க, கடல எங்க வச்சிருக்கீங்க?” முகத்துவாரம் தாண்டும்வரை நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரும் வாந்தி எடுத்தோம். நான்தான் முதலில். சோறாக்கும் பெரியவர் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, “கீழ பாக்காதீங்க, தூரத்துல தண்ணியும் வானமும் சேர்ற கோட்டைப் பாருங்க” என்றார். இருட்டில் கோடு எங்கே தெரிகிறது?

விடிந்தபோது கரை இல்லை. ஐம்பது பாகத் தண்ணீர் என்றார்கள். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த அளவு, சுமார் ஆறடி. மடியை, அதாவது கடலடியில் இழுத்துப்போகும் பை மாதிரியான வலையை, இறக்கிவிட்டு இழுக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மலை ஏறும் லாரிக்கு ஏற்றம் முடிந்தால் சமதளம் வரும், பிறகு இறக்கம் வரும். வளைவில் கியர் மாற்றும் நேரத்தில்கூட இஞ்சின் ஒரு மூச்சு விட்டுக்கொள்ளும். மடி இழுக்கும் படகுக்கு அந்த மூச்சு கிடையாது. மனிதன் நடக்கும் வேகத்தில்தான் போகிறது, ஆனால் மூன்று மணி நேரமும் ஒரே ஏற்றம். அடிவாரத்தில் ஆரம்பித்து உச்சியே வராத ஒரு மலை. இத்தனை வருடம் சத்தம் கேட்டே வியாதி சொல்கிறவன் என்று பெயர் எடுத்தவன் நான். இப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்னால் கேட்டதில்லை.

முதல் இழுவையில் பாதி நேரம்கூட ஆகியிருக்காது. நான் தளத்தில் சுருண்டு கிடந்தேன். சோறாக்கும் பெரியவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தார். “தம்பி, இஞ்சின் பேச்சு மாறுது” என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு நிமிடம் கழித்துத்தான் கேட்டது. ஏறுகிறது, இறங்குகிறது, ஊஞ்சல் ஆடுகிற மாதிரி. டீசல் போதவில்லை. நான் எழுந்து இஞ்சின் அறைக்குள் இறங்குவதற்குள் நின்றுவிட்டது.

நின்ற பிறகு வரும் அந்த அமைதியை மலையில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அங்கே அது வேலையின் ஆரம்பம். இங்கே படகு உடனே பக்கவாட்டில் திரும்பி உருள ஆரம்பித்தது. கச்சான் காற்று, அதாவது மேற்கேயிருந்து கரையைத் தாண்டி வரும் காற்று, எங்களை இன்னும் கிழக்கே தள்ளப் பார்த்தது. மடியைத் தூக்கலாம் என்றால், அதன் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சைச் சுற்றுவதும் இதே இஞ்சின்தான். எல்லாமே என் கையில் இருந்த பதினேழு நம்பர் ஸ்பேனரில் வந்து நின்றது. கை நடுங்கியதைப் பார்த்த டிரைவர் மேலேயிருந்து குனிந்து, “அவசரப்படாத தம்பி. வலை கீழ கெடக்கு, அது நம்மளப் புடிச்சுக்கும்” என்றார்.

ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே கறுப்பாகக் கூழ். மாட்டும்போது நானே போட்ட புத்தம் புது ஃபில்டர். விரலில் தேய்த்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. டேங்க். வருடக்கணக்காக அடியில் படிந்து கிடந்த கசடு. சேலத்தில் கேன் டீசலில் ஓட்டினோம், அது தெரிய வாய்ப்பில்லை. துறைமுகத்தில் ஆடாத தண்ணீர், கசடு அடியிலேயே தூங்கியது. கடலில் ஆறு மணி நேரம் குலுக்கிய குலுக்கில் முழுக்க எழுந்து வந்து ஃபில்டரை அடைத்துவிட்டது. ரோட்டில் ஓடும் வண்டியின் டேங்க் எந்தக் காலத்திலும் இப்படி உருளாது. அதனால் எனக்கு அந்த யோசனையே வரவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

கைவசம் ஒரே ஒரு மாற்று ஃபில்டர். போட்டு, கையால் டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அடித்து, குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுத்து, கிளப்பினோம். இருபது நிமிடம் ஓடியது. மறுபடியும் அதே ஊஞ்சல், அதே அமைதி. இப்போது மாற்ற எதுவும் இல்லை. பழைய பட்டறை வித்தை ஒன்று நினைவுக்கு வந்தது. டேங்க்கையே விட்டுவிட்டு, உயரத்தில் ஒரு கேனைக் கட்டி அதிலிருந்து நேராக இஞ்சினுக்கு டீசல் கொடுப்பது. சேலத்தில் நாங்கள் செய்ததும் அதுதான். கேன் வேண்டும் என்றதும் எல்லோர் கண்ணும் குடிதண்ணீர் கேன் பக்கம் போனது. பெரியவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “டீசல் இல்லாட்டி யாராச்சும் கட்டி இழுப்பாங்க. தண்ணி இல்லாட்டி?” என்று கேட்டார். கடைசியில் அவரே இருக்கிற பாத்திரத்தில் எல்லாம் தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிட்டுக் காலி கேனைக் கொடுத்தார்.

டேங்க்கின் மேல்பாகத்திலிருந்து டியூப் வைத்து உறிஞ்சி, துணியில் வடிகட்டினோம். துணி எலெக்ட்ரீஷியனின் பனியன். அடைத்த ஃபில்டரைச் சுத்தமான டீசலில் அலசி அலசி மறுபடியும் மாட்டினேன். நடுவில் இரண்டு தடவை பக்கெட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. பிரைமரை அடிக்க அடிக்க பிளீடிங் ஸ்க்ரூ வழியாக நுரை வந்தது, பிறகு நுரையும் டீசலும், கடைசியில் குமிழே இல்லாத டீசல். ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுக் கத்தினேன். இஞ்சின் பிடித்துக்கொண்டது.

கேன் இருபது லிட்டர். இழுவை இல்லாமல் மெதுவாகப் போனாலும் அடிக்கடி நிரப்ப வேண்டும். கரை வரும்வரை லேத்காரர்தான் உட்கார்ந்து வடிகட்டினார். மீன் பெட்டியைப் பற்றி அவர் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் மடியை ஏற்றினார்கள். சங்கரா, காரல், கணவாய், நண்டு, நடுவே ஒரு கடல் பாம்பு. விலை போகாத பொடி மீனைத் தனியாகத் தள்ளினார்கள். “இதைக் காயவச்சா உங்க ஊருப் பக்கந்தான் வரும், நாமக்கல் கோழிக்கு” என்றார் ஒருவர். சின்ன வயதிலிருந்து தின்ற முட்டைகள் எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்தன. பெரியவர் வைத்த குழம்பை மற்றவர்கள் சாப்பிட்டார்கள். நான் வெறும் ரசத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

நாலு பாடு, அதாவது நாலு தடவை மடி போட்டு இழுக்க வேண்டிய நாளில் ஒரு பாட்டோடு படகு திரும்பியது. இரண்டு மாதம் கரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது முதல் நாள். அதைப் பங்கு போட்டால் டீசல் காசுக்கே பற்றாது. படகுக்காரர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஃபில்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, “டேங்க்கக் கழுவச் சொல்லியிருந்தா கழுவியிருப்பேனே தம்பி” என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். இஞ்சின் கூலியில் பாக்கி இருந்ததை நான் கேட்கவில்லை. அவராகப் பத்து நாளில் அனுப்பிவிட்டார்.

மறுநாளே டேங்க்கை இறக்கிக் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்தபோது தரை ஆடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி ஒரு பார்வை பார்த்தார். கடலுக்குப் போய் வந்தால் இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும் என்று எவ்வளவு சொல்லியும் பிரயோஜனம் இல்லை.

அந்த டிசம்பரில் காப்பிக்கொட்டை ஏற்றப் போன லாரி ஒன்று ஏற்காடு மலையில் நின்றுவிட்டது. டீசல் வரவில்லை என்றார்கள். போய்ப் பார்த்தால் பின் டயரில் அழகாகக் கல் வைத்திருந்தார்கள். நான் நேராக டேங்க்குக்கு அடியில் போய்ப் படுத்தேன்.

“போன மாசந்தாங்க டேங்க்கக் கழுவினோம்” என்றார் கிளீனர்.

இருக்கட்டும் என்று டிரெயின் பிளக்கைக் கழற்றினேன். முழங்கை வரை சுத்தமான டீசல் வழிந்தது. கோளாறு ஃபீட் பம்பில் இருந்தது.