செய்முறைத் தாளும் வெள்ளை விளிம்பும்: இரண்டாம் முறையில் தேறியவரின் குறிப்புகள்

முடிவு முந்தாநாள் வந்தது. கணினியில் படம் வரையும் செய்முறைத் தேர்வில் இரண்டாம் முறையில் தேறிவிட்டேன். முதல் முறை நான் இழந்த மதிப்பெண்களில் பெரும்பகுதி, பின்னணி இல்லாமல் பிஎன்ஜி கோப்பாகத் தர வேண்டிய கதாபாத்திரப் படத்தில்தான் போயிற்று. கோட்டிலும் நிறத்தேர்விலும் குறையில்லை என்றும், கறுப்புப் பின்னணியில் வைத்தபோது உருவத்தைச் சுற்றி வெண்ணிற விளிம்பு தெரிகிறது என்றும் மதிப்பீட்டுக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். ஒரு பிக்சல் அகலமுள்ள கோடு அத்தனை மணி நேர உழைப்பை விழுங்கியதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல வாரங்கள் பிடித்தன.

நான் அதுவரை எக்ஸ்போர்ட் அமைப்புகளிலேயே காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். உண்மையில், வெள்ளைத் தாளின் மேல் வரைந்து, எல்லாவற்றையும் ஒரே லேயராக (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கு) இணைத்தபோதே அந்த விளிம்பு படத்துக்குள் புகுந்துவிட்டது. கறுப்புக் கோட்டின் மென்மையான ஓரம் ஒரு பிக்சலைப் பாதி மறைத்தால், அது வெள்ளையோடு கலந்து ஏறத்தாழ 128 என்ற சாம்பலாகிறது (0 கறுப்பு, 255 வெள்ளை). பிறகு வெள்ளையை நீக்கி, அந்தப் பிக்சலுக்குச் சரியாக 50 சதவீத ஆல்ஃபா, அதாவது அடியிலுள்ளதை மறைக்கும் அளவு, கொடுத்தாலும், கறுப்பின் மேல் 0 இருக்க வேண்டிய இடத்தில் 64 தெரியும்.

ஆகவே இதை மட்டுமாவது செய்யுங்கள்: வெள்ளைத் தாள் லேயரை முதல் நிமிடத்திலேயே அணைத்துவிட்டு, படத்தில் எங்கும் வராத அடர்நிறம் ஒன்றைத் தனி லேயராக அடியில் வையுங்கள், அதைப் படத்தோடு ஒருபோதும் இணைக்காதீர்கள். நான் அரை மணிக்கொருமுறை அந்த நிறத்தைக் கறுப்பு, வெள்ளை என மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் போதும் என்பவர்கள் உண்டு. என்னைப் போல மெதுவாக வரைபவர்களுக்குக் கடைசியில் நேரம் மிஞ்சாது.

ஏற்கெனவே இணைத்துவிட்ட படத்தை மீட்க:

- போட்டோஷாப்பில் மேட்டிங் பட்டியலிலுள்ள ‘ரிமூவ் ஒயிட் மேட்’; ஓரத்தில் கலந்த வெள்ளையை நீக்கும். அதே பட்டியலின் ‘டிஃப்ரிஞ்ச்’ உட்புற நிறத்தை ஓரத்துக்கு இழுக்கும்; மெல்லிய முடியிழைகளில் நான் அதை நம்புவதில்லை.
- இலவச மென்பொருளான கிம்ப்பில், ஒரு நிறத்தையே ஊடுருவித் தெரியவைக்கும் ‘கலர் டு ஆல்ஃபா’. கோட்டு லேயருக்கு மட்டும். நிறம் தீட்டிய படத்தில் வெளிர்நிறங்களும் ஊடுருவித் தெரியத் தொடங்கும்.
- ஆல்ஃபாவைப் பூட்டிவிட்டு, ஓரத்தின் மேல் கோட்டின் நிறத்தையே தூரிகையால் தீட்டுவது. என்னைக் காப்பாற்றியது இதுதான்.
- உருவத்தைச் சுற்றிய செலக்‌ஷனை ஒரு பிக்சல் சுருக்கி வெட்டாதீர்கள். கோடு மெலிந்து, ஓரம் படிக்கட்டுப் போலாகும்.

கருமையான விளிம்பு வேறு நோய். நிறத்தை ஆல்ஃபாவால் முன்பே பெருக்கி வைக்கும் முறையை 1984-இல் கணினி வரைகலை ஆய்வாளர்களான போர்ட்டர், டஃப் இருவரும் தங்கள் கட்டுரையில் விளக்கினார்கள். பிஎன்ஜி வடிவமோ பெருக்காத நிறத்தையே சேமிக்கிறது. முன்பே பெருக்கிய நிறத்தைப் பெருக்காததாக ஒரு மென்பொருள் படித்தால், பெருக்கல் இருமுறை நடந்து ஓரம் இருண்டுவிடும். பிஎன்ஜியை உள்ளே கொண்டுவரும்போது மென்பொருள் ‘ஸ்ட்ரெய்ட்’ (பெருக்காதது) அல்லது ‘ப்ரீமல்டிப்ளைட்’ (முன்பே பெருக்கியது) என்று கேட்டால், முன்னதைத் தேர்ந்தெடுங்கள்.

இம்முறை வினாத்தாளில் படத்தைப் பாதி அளவிலும் கேட்டிருந்தார்கள். ஆல்ஃபா 0 ஆகி முழுதும் மறைந்த பிக்சல்களுக்கும் கோப்பில் ஒரு நிறம் உண்டு. அளவு மாற்றும் மென்பொருள் ஆல்ஃபாவைக் கணக்கில் கொள்ளாமல் அக்கம்பக்கப் பிக்சல்களைச் சராசரி எடுத்தால், அந்த நிறம் ஓரத்தில் கசியும். அதனால் ஓர நிறத்தைச் சில பிக்சல்கள் வெளிப்புறமாக நீட்டி, கிம்ப்பின் எக்ஸ்போர்ட் பெட்டியில் மறைந்த பிக்சல்களின் நிறத்தைக் காக்கும் தெரிவையும் இட்டுக்கொண்டேன்.

கடைசிப் பத்து நிமிடங்களில், எக்ஸ்போர்ட் செய்த கோப்பையே புதிய கான்வாசில் திறந்து, கறுப்பின் மேலும் வெள்ளையின் மேலும் 400 சதவீதம் பெரிதாக்கிச் சுற்றிவந்தேன். இடது காதோரத்தில் மூன்று வெளிறிய பிக்சல்கள் தெரிந்தன. மூலக்கோப்பில் அவற்றைத் தீட்டி, மீண்டும் எக்ஸ்போர்ட் செய்து, மறுபடியும் திறந்து பார்த்த பிறகே ஒப்படைத்தேன்.