சார்ஜர் விளக்கு சொன்ன பாதி விடை

யாங்கூனில் மின்வெட்டுக்குப் பழகிவிட்ட எங்கள் வீட்டில், மடிக்கணினியில் சார்ஜ் ஏறவில்லை என்பதை முதல் நாள் ஒருவரும் கவனிக்கவில்லை. பேட்டரி தீர்ந்து அணைந்த பிறகு ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன். திறந்துகூடப் பார்க்காமல், மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து சார்ஜரைச் செருகியபோதுதான், அதன் பச்சை விளக்கு அந்தக் கணமே அணைவதைக் கண்டேன். எங்கோ ஷார்ட் (மின்சாரம் தடையின்றிக் குறுக்கே பாய்வது) ஆனால்தான் சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ள இப்படி அணையும்; பாதி விடை அதிலேயே இருந்தது. உள்ளே நுழையும் 19 வோல்ட் முதலில் இரண்டு மாஸ்பெட்டுகளை, அதாவது மின்னணுக் கதவுகளைக் கடக்க வேண்டும். ஷார்ட் அவற்றுக்கு அப்பால் இருந்தால் சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் ஐசி (சிப்) பெரும்பாலும் அவற்றைத் திறக்காது, சார்ஜர் விளக்கும் அணையாது. ஆகவே பழுது சாக்கெட்டுக்கும் முதல் மாஸ்பெட்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். பேட்டரியில் மட்டும் கணினி ஓடியதற்கும் அதுவே காரணம். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்தப் பாதைக்கும் கிரவுண்டுக்கும் (மின்சாரம் திரும்பும் பொதுப் பாதை) நடுவே தடையை அளந்தேன்: மீட்டர் வயரின் தடை போக 0.3 ஓம், ஷார்ட்டேதான்.

அங்கே மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஐந்து செராமிக் கெப்பாசிட்டர்கள் பக்க இணைப்பில் இருந்தன. எதை அளந்தாலும் அதே 0.3 தான் காட்டும் என்பதால், குற்றவாளியைச் சூட்டை வைத்துத்தான் பிடிக்க முடியும். போர்டின் மேல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தடவி, மற்ற சிப்புகளுக்குக் கேடு வராதபடி 1 வோல்ட் மட்டும் கொடுத்தேன். 3 ஆம்பியர் ஓடியது. அரிசிமணியைவிடச் சிறிய பொருளில் 3 வாட் இறங்கினால் அது சும்மா இருக்குமா? சாக்கெட்டை ஒட்டிய கெப்பாசிட்டரின் மேல் மட்டும் ஆல்கஹால் உடனே காய்ந்தது. மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது வரும் மின்னழுத்த ஏற்றம்தான் காரணம் என்றார் அண்ணன். படுத்தபடி வயரை இழுக்கும் என் பழக்கத்தால் போர்டு வளைந்து, செராமிக் விரிசல் விட்டது என்பது என் கணிப்பு.

கழற்றுவதுதான் பெரும்பாடாயிற்று. கிரவுண்டின் செம்புப் பரப்பு சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். சூடான காற்றால் பற்றை உருக்கும் ஹாட் ஏர் மெஷினையோ எங்கள் இன்வெர்ட்டர் தாங்காது. கீழ்வீட்டுக்காரரிடம் போய், “அண்ணே, அரை மணி நேரம் உங்க ஜெனரேட்டர்ல ஒரு லைன் குடுங்க” என்று கேட்டுத்தான் வேலை நடந்தது. அதை எடுத்ததும் தடை கிலோ ஓமுக்கு ஏறியது. இவ்வகைக் கெப்பாசிட்டர்களின் மேல் எந்த எண்ணும் அச்சிட்டிருக்காது; அதனால் வோல்ட் தாங்கும் என்ற உறுதிக்காக, பழைய போர்டு ஒன்றின் 19 வோல்ட் பாதையிலிருந்தே அதே அளவில் ஒன்றை எடுத்து வைத்தேன்.

சார்ஜரைச் செருகினேன், பச்சை விளக்கு அணையவில்லை. கீழே ஜெனரேட்டரை நிறுத்துவதற்குள் 11 சதவீதம் ஏறியிருந்தது.