முள்ளங்கியில் சீசியம்

ஃபுகுஷிமாவில் உணவு மாதிரிகளை அளக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். கதிரியக்கத்தை அளக்கிறான் என்று வீட்டில் பெருமை. உண்மையில் பாதி நாள் காய்கறி நறுக்குவேன். பொடியாக நறுக்கி, அடியில் குழிவிட்ட பிளாஸ்டிக் பாத்திரத்தில் சந்து இல்லாமல் அடைத்து, எடை போட்டு, ஈயக் கூண்டுக்குள் ஜெர்மானியம் டிடெக்டர் மேல் தொப்பி மாதிரி உட்காரவைக்க வேண்டும். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

2017 இலையுதிர்காலம். 2011 அணு உலை விபத்தில் காலிசெய்யப்பட்ட இடாதே கிராமத்தின் பெரும்பகுதிக்கு வெளியேற்ற உத்தரவு நீங்கியது அந்த மார்ச் 31இல்தான். அங்கே திரும்பிப்போன ஒரு பாட்டி இனோஹானா கொண்டுவந்தார். செதில் செதிலாக, கறுத்த மலைக்காளான். பையைப் பிரித்ததும் அறையெல்லாம் வாசனை. அங்கே அதை அரிசியோடு சேர்த்துச் சமைப்பார்கள். கூடவே தோட்டத்து முள்ளங்கி ஒன்று.

காளான், உணவுக்குக் கிலோவுக்கு 100 பெக்கரல் (கதிரியக்க அலகு) என்ற வரம்பைப் பல மடங்கு தாண்டியது. அதில் ஆச்சரியமில்லை. வயலிலும் வீட்டைச் சுற்றியும் மேல்மண்ணை வழித்துக் கறுப்புப் பைகளில் கட்டினார்கள். காட்டை, வீட்டோரம் கொஞ்சம் தவிர, யார் வழிப்பது? விபத்தில் பரவிச் சருகுமண்ணில் தங்கிய கதிரியக்கச் சீசியத்தைக் காளான் உறிஞ்சிக்கொள்கிறது. 2 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும் சீசியம்-134 அதற்குள் வெகுவாகக் குறைந்திருந்தது. 30 வருடக்காரரான 137 அப்படியே நிமிர்ந்து நின்றார்.

ஆனால் முள்ளங்கியின் வரைபடத்திலும், 137இன் அடையாளமான 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு சின்ன மேடு. வரம்புக்கு ரொம்பக் கீழே. அப்படியே சொன்னேன்.

"முள்ளங்கியிலுமா?" என்றார். எண்ணைக் கேட்கவில்லை. அங்கே பலரும் கேட்பது 'என்.டி.'யா என்றுதான், அதாவது கண்டறியப்படவில்லையா என்று. அது பூஜ்யம் இல்லை. இந்தக் கருவி இவ்வளவு நேரத்தில் பார்க்கக்கூடியதற்குக் கீழே என்றுதான் பொருள். அதை விளக்க வாயெடுப்பதற்குள் வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் கத்தியைக் கழுவும்போது பார்த்தேன். அலகு பிடியில் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு துணுக்கு. இனோஹானா. இடையில் கழுவாமல் அதே கத்தியால் முள்ளங்கியை நறுக்கியிருக்கிறேன்.

மீதிப் பாதியை வேறு கத்தியால் நறுக்கி ராத்திரி முழுக்க அளக்கவிட்டேன். எந்த முள்ளங்கியிலும் இருக்கும் பொட்டாசியம்-40 மட்டும்தான். காலையில் முதல் வேலையாகப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"சரி, பரவாயில்லை," என்றார் பாட்டி. "நேற்றே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டேன்."