அந்தியூர் சந்தையில் நிறம் பார்த்துக் குதிரை வாங்குவது

ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் பக்கம் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில், தன் குதிரையை "கலப்பு" என்று சொல்லி விற்கிற ஆள் கிடையாது. எல்லாம் அசல் மார்வாரி, நயம் காத்தியவாரி, இல்லாவிட்டால் அரபி. இதில் நாங்கள் முதல் சல்லடையாக வைத்திருப்பது நிறம். நிறத்தைப் பார்த்து ஒரு குதிரை இன்ன இனம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அது இன்ன இனமாக இருக்கவே முடியாது என்று பல நேரம் சொல்லிவிடலாம்.

மணல் நிறத்து உடம்பு, முதுகுத்தண்டு நெடுகக் கருங்கோடு, முழங்கால் பக்கம் வரிகள். இப்படி ஒன்றைக் காட்டி "சுத்த அரபி" என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அந்த நிறத்துக்கான மரபணு அரபுக் குதிரையிலும் இல்லை, இங்கிலாந்தில் உருவான பந்தயக் குதிரை இனமான தரோபிரெட்டிலும் இல்லை. குஜராத்தின் சௌராஷ்டிரத்துக் காத்தியவாரியில் அது சர்வ சாதாரணம். அதே காத்தியவாரியில் கருப்பு சேர்த்தி இல்லை. "கருப்புக் காத்தியவாரி" என்று விலை சொன்னால் மார்வாரிக் கலப்பா என்று காதையும் முகத்தையும் திரும்பப் பாருங்கள். நெதர்லாந்தின் ஃப்ரீசியன் என்றால் கருப்பு, ஆஸ்திரிய, இத்தாலிய மலைப்பகுதியின் ஹாஃப்லிங்கர் என்றால் வெளிர் பிடரியோடு செம்பட்டை என்று நிறத்தையே இனத்தின் அடையாளமாக வைத்திருப்பவர்கள் ஐரோப்பாவில் உண்டு. நம் ஊர் இனங்களில் ஒரே நிறம்தான் என்ற கட்டுப்பாடு கிடையாது.

அதிகம் ஏமாறுவது வெள்ளையில். வெள்ளைக் குதிரை என்று நிற்பதில் இரண்டு வகை உண்டு. ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, கழுத்திலும் தொடையிலும் நன்றாக நனையுங்கள். முடி தோலோடு ஒட்டியதும் உள்ளே நீலம் கலந்த சாம்பல் தெரிந்தால் அது கருந்தோல். பிறக்கும்போது செவலையாகவோ கருப்பாகவோ இருந்து, வருடாவருடம் வெளுத்து வந்த குதிரை. இந்த வகையைத்தான் சாம்பல் என்பது. வாயோரம், கண் விளிம்பு, வால் அடி எல்லாம் கருத்தே இருக்கும். நனைத்த இடம் ரோஜா நிறமாகத் தெரிந்தால் பிறவி வெள்ளை. நுக்ரா என்று விலை ஏற்றிச் சொல்வது இதைத்தான். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனத்தின் பட்டியலில் மார்வாரி, காத்தியவாரி, கச்சி-சிந்தி எல்லாம் உண்டு. நுக்ரா என்ற பெயரில் இனம் ஏதும் இல்லை.

இரண்டுக்கும் தனித்தனிக் கவலை உண்டு. வெளுத்து வந்த குதிரையின் வாலைத் தூக்கி, ஆசனவாயைச் சுற்றிக் கையால் தடவிப் பாருங்கள். கோலிக்குண்டு அளவில் கருங்கட்டிகள் தட்டுப்பட்டால் அது மெலனோமா என்ற தோல் கட்டி. 15 வயதைத் தாண்டிய சாம்பல் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இது வரும். ரோஜாத்தோல் குதிரைக்கு மூக்கு நுனி வெயிலில் வெந்து உரியும். கண் ஓரத்தில் புற்று வரும் வாய்ப்பும் அதிகம். துத்தநாக ஆக்சைடு களிம்பு, கண் மறைப்பு, பகல் முழுக்க நிழல், இவ்வளவும் முடியுமானால் மட்டும் வாங்குங்கள். சாம்பலில் வட்டவட்டப் புள்ளியோடு நிற்கும் இளங்குதிரையை அந்த அழகுக்காக வாங்குவது வீண். சில வருடத்தில் புள்ளி போய் வெறும் வெள்ளையாகிவிடும்.

கருப்பில் சாயம் கவனம். வெள்ளைத் துணியை ஈரமாக்கி நெற்றி முடியிலும் கால் மூட்டிலும் அழுத்தித் தேயுங்கள். பழைய சாயம் ஒட்டாது என்பதால் பிடரியைப் பிரித்து முடியின் வேரையும் பாருங்கள். அசல் கருப்புக்கு வாயோரமும் விலாவுக்குக் கீழும் முடி கருப்பாகவே இருக்கும். அங்கே பழுப்பு தட்டினால் அது கரும்பழுப்புக் குதிரை.

செவலை என்று சொல்லும்போது பிடரி, வால், காலின் கீழ்ப்பகுதி, காது விளிம்பு கருப்பா என்று பாருங்கள். கருப்பானால் ஒரு கணக்கு, உடம்பு நிறத்திலேயே இருந்தால் வேறு கணக்கு. கருப்பே இல்லாத செம்பட்டைகள் இரண்டு சேர்ந்தால் குட்டியும் செம்பட்டைதான். தாய் தகப்பன் இரண்டும் செம்பட்டை என்று சொல்லிவிட்டு, கருவாலோடு குட்டியைக் காட்டினால் தகப்பன் வேறு. சாம்பல் குட்டிக்குப் பெற்றோரில் ஒன்றாவது சாம்பலாக இருந்தே தீரும்.

அடுத்து காது. மார்வாரிக்கும் காத்தியவாரிக்கும் நுனி உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும். கச்சி-சிந்திக்கு வளையும், தொடாது. மூக்குத்தண்டும் வெளிப்பக்கம் புடைத்திருக்கும். மார்வாரி முகம் நேராக நீண்டது. காத்தியவாரிக்கு நெற்றி அகன்று, மூக்குத்தண்டு உட்குழிந்திருக்கும். உயரத்தைத் தோள்மேட்டில் அளக்க வேண்டும், தலையில் அல்ல. ஒரு கை என்பது 4 அங்குலம். 14.2 என்றால் 14 கையும் 2 அங்குலமும், அதாவது 58 அங்குலம், 147 செ.மீ. அதைத் தசமமாக நினைத்துப் பெருக்குகிறவர்கள் ஏராளம்.

வயதுக்குக் கீழ்வரிசை முன்பல். நடுப்பல் இரண்டரை வயதிலும், அடுத்தது மூன்றரையிலும், ஓரப்பல் நாலரையிலும் விழுந்து முளைக்கும். 5 வயதில் வாய் நிறையும். பல்லின் மேல்குழி நடுப்பல்லில் 6, அடுத்த பல்லில் 7, ஓரப்பல்லில் 8 வயதுவாக்கில் தேய்ந்து மறையும். கிழக்குதிரைக்குக் குழி தோண்டிக் கருப்பு ஏற்றுவது பழைய தந்திரம். அதனால் மேல் ஓரப்பல்லையும் பாருங்கள். 10 வயதில் ஈறுக்கு அருகே தொடங்கும் பழுப்புப் பள்ளம் 15 வயதில் பாதி, 20 வயதில் முழுப்பல் நீளத்துக்கும் இறங்கியிருக்கும். அதை அழிக்க எந்த வியாபாரியாலும் முடியாது.

குதிரைக்குப் பாஸ்போர்ட் (அடையாளப் புத்தகம்) இருந்தால் அதிலுள்ள படத்தில் சுழிகளும் வெள்ளைக் குறிகளும் எங்கே என்று குதிரையோடு ஒப்பிடுங்கள். வாங்குபவர் சுழி சுத்தம் பார்ப்பது ராசிக்கு. நாங்கள் பார்ப்பது அடையாளத்துக்கு. மற்றதெல்லாம் மாறினாலும் சுழி இடம் மாறாது. தோலுக்கடியில் வைத்த அடையாளச் சிப் இருந்தால் பெரும்பாலும் இடது கழுத்தின் நடுவே இருக்கும், 15 இலக்கம். அதைப் படிக்கும் ரீடர் வைத்திருக்கும் கால்நடை மருத்துவரைக் கூட்டிப்போவது நல்லது. முன்பணம் தருமுன் அவரே ரத்தம் எடுத்து கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான பரிசோதனைக்கு அனுப்பட்டும். இது மனிதருக்கும் தொற்றும்; உறுதியானால் குதிரையைக் கொன்றே ஆக வேண்டும். முடிவு வரும்வரை விற்பவரிடமே நிற்பதாக எழுதி வாங்குங்கள்.

ரசீதில் "வெள்ளைக் குதிரை 1" என்று விட்டுவிடாதீர்கள். தோல் நிறம், கண் நிறம், எந்தக் காலில் எதுவரை வெள்ளை, நெற்றியில் பொட்டா பட்டையா, எத்தனை சுழி எங்கே, பல்லின்படி வயது, தோள்மேட்டு உயரம், இத்தனையும் எழுதி, இரு பக்கமும் முகமும் தெரிய மூன்று படம் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வண்டி ஏற்றிய பிறகு குதிரை மாறிப்போச்சு என்று தகராறு வந்தால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.