குறுக்கே வெட்டிப் பார்த்தபோது

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது என் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: செல்கள் ஏறி வளர ஒரு சாரம் செய்ய வேண்டும். கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரிதான். திசு தானாக நிற்கத் தொடங்கியதும் சாரம் மெல்லச் சிதைந்து மறைய வேண்டும். நான் எடுத்துக்கொண்ட பாலிமர் பாலிகாப்ரோலாக்டோன், சுருக்கமாக பிசிஎல்.

முறை எலக்ட்ரோஸ்பின்னிங். பாலிமர் கரைசலைச் சிரிஞ்சில் நிரப்பி ஊசிக்கு 15 கிலோவோல்ட் கொடுத்தால், முனையில் நிற்கும் துளி கூம்பாக இழுபட்டு, இழையாகப் பறந்து எதிரே அலுமினியத் தாளில் படியும். முதல் சில மாதங்கள் வைத்த செல்களெல்லாம் செத்தன. இழைக்குள் கரைப்பான் தங்கியிருந்ததுதான் காரணம். வெற்றிடத்தில் கூடுதல் நாட்கள் உலர்த்தியதும் சரியானது. கிருமி நீக்கம் இன்னொரு தலைவலி. நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரிக்குப் போகும், பிசிஎல் 60 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் 70 சதவீத எத்தனாலில் ஊறவைத்தேன். அதில் பாக்டீரியா வித்துகள் சாகாது என்பதால் ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் இன்குபேட்டரைத் திறப்பேன்.

அப்புறம் எல்லாம் நன்றாகப் போனது. செல்களின் உயிர்ப்பை அளக்கும் எம்டிடி சோதனையில் உயிருள்ள செல்கள் மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும். உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பொருள் செல்லுக்கு நஞ்சு என்பது மருத்துவச் சாதனங்களைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 10993-5 என்ற சர்வதேசத் தரநிலை வைத்திருக்கும் அளவுகோல். என் சாரம் அதைத் தாராளமாகத் தாண்டியது. இரண்டு ஆண்டுகள் அந்த ஊதா நிறத்தை நம்பியே வரைபடங்கள் போட்டேன்.

ஆண்டு மதிப்பாய்வில் குழு உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "குறுக்கே வெட்டிப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அதுவரை மேலிருந்து மட்டுமே படம் எடுத்திருந்தேன்.

சாரத்தை உறையவைத்து, உறைந்த பொருளைச் சீவும் கருவியான கிரையோஸ்டாட்டில் 10 மைக்ரான் தடிமனில் சீவ ஒரு மாதம் பழக வேண்டியிருந்தது. பிசிஎல் சீவல் கண்ணாடித் தகட்டில் ஒட்டாமல் சுருண்டுகொள்ளும், கழுவும்போது மிதந்து போய்விடும். கடைசியில் ஒரு சீவல் நின்றது. செல்லின் கருவை நீலமாக ஒளிரவைக்கும் டாபி சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைத்தேன். மேல் விளிம்பில் நீலப் புள்ளிகள் ஒரே வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, முழுக்க இருட்டு. எம்டிடி பொய் சொல்லவில்லை. மொத்தச் செல்களும் சேர்ந்து எவ்வளவு உயிர்ப்போடு இருக்கின்றன என்று மட்டும்தான் அது சொல்லும், எங்கே இருக்கின்றன என்று சொல்லாது. நான்தான் அதனிடம் அந்தக் கேள்விக்கும் பதில் இருப்பதாக நினைத்திருந்தேன்.

காரணம் தேடினால் கணக்கு எளிதாக இருந்தது. என் இழைகளுக்கு நடுவே இடைவெளி சில மைக்ரான்தான். மிதக்கும் நிலையில் ஒரு செல்லின் விட்டம் 10 முதல் 20 மைக்ரான். அது எப்படி உள்ளே போகும்? போதாததற்கு பிசிஎல் தண்ணீரை ஏற்காது, செல்களை வளர்க்கும் திரவமான ஊடகத்தின் துளி மேலே முத்து மாதிரி உருண்டு நிற்கும்.

பிளாஸ்மா, அதாவது மின்னேற்றிய வாயு, கொடுத்து ஈரத்தை ஏற்கவைத்தேன். பிறகு இரண்டாவது ஊசி வைத்து, தண்ணீரில் கரையும் பாலிஎத்திலீன் ஆக்சைடு இழைகளையும் கூடவே நூற்றேன். பின்னால் தண்ணீரில் போட்டால் அவை கரைந்து வழி விடும். எவ்வளவு கலப்பது என்பதில்தான் என் மூன்றாம் ஆண்டு முழுக்கப் போனது. குறைத்தால் வழி இல்லை. பாதிக்கு மேல் போனால் சாரம் நனைந்த காகிதம் மாதிரி அமுங்கிவிடும், திறந்த இடைவெளியெல்லாம் மறுபடி மூடிக்கொள்ளும்.

தடிமனிலும் பேராசையை விட்டேன். ரத்தக் குழாய் இல்லாத இடத்தில் ஆக்சிஜன் ஊடுருவி எட்டுவது ஏறத்தாழ 100 முதல் 200 மைக்ரான்தான். வழி திறந்தாலும் அதற்கு அப்பால் போகும் செல் மூச்சு முட்டித்தான் சாகும்.

21ஆம் நாள் சீவலில் நீலப் புள்ளிகள் அடிவிளிம்பு வரை சிதறிக் கிடந்தன. அன்று இரவே இன்னும் நான்கு மாதிரிகளை எடுத்து உறையவைத்தேன். நான்கையும் குறுக்கே வெட்டினேன்.