ஒரு எச் படுத்திய பாடு: ஜெர்மனியில் ஆங்கில வழி ஐடி படிப்புக்கு விண்ணப்பித்த கதை

ஜெர்மனிக்காரர்கள் பேப்பர் பேப்பராகக் கேட்டே சாகடிப்பார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். கேட்டார்கள்தான். ஆனால் என்னென்ன வேண்டும் என்பதை முன்கூட்டியே தளத்தில் எழுதி வைத்துவிட்டுக் கேட்டார்கள். என்னை அலையவிட்டவை எல்லாம் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருந்தவை: என் மார்க் ஷீட், என் கிரேடு ஷீட், என் பெயர். விசா வந்து நான்கு நாள் ஆகிறது. இன்னும் கோபம் ஆறவில்லை, அதனால் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

நான் ஸ்டேட் போர்டு. 2023-ல் பிளஸ் டூ, 600-க்கு 522. பிறகு கோவைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் பி.டெக் ஐடி. வெறும் பிளஸ் டூவை வைத்து ஜெர்மனியில் பொதுப் பல்கலைக்கழகத்தில் நேராகச் சேர முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், அல்லது இங்கே அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் முதலாண்டை வெற்றிகரமாக முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஷ்டூடியன்கொலேக் என்ற ஆயத்தப் படிப்புக்குப் போக வேண்டும். நான் இரண்டாவது வழி. "வெற்றிகரமாக" என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், முதலாண்டில் அரியர் வைத்துக்கொண்டு இந்த வழியில் இறங்கினால் சிக்கல். எனக்கு இயற்பியல் மயிரிழையில் தப்பியது.

ஒரு வருடம் முடித்தால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வருடத்தின் ரிசல்ட் எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குளிர்கால செமஸ்டருக்குப் பெரும்பாலான இடங்களில் கடைசி நாள் ஜூலை 15. எங்கள் இரண்டாவது செமஸ்டர் ரிசல்ட் வந்தது ஆகஸ்டில். ஆக, 2024-ல் போகலாம் என்று நினைத்திருந்தவன் 2025-க்குத்தான் விண்ணப்பிக்க முடிந்தது. நடுவில் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தையும் கட்டியாயிற்று. இதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொண்டு வீட்டில் பேசுங்கள், என் அப்பாவுக்கு இது கடைசியில்தான் தெரிந்தது.

கன்சல்டன்சி ஒன்றுக்கும் போனேன். ஏசி அறை, காபி, சுவரில் உலக வரைபடம். "பப்ளிக்ல பேச்சிலர்ஸ் எல்லாம் ஜெர்மன்லதான் தம்பி. பிரைவேட் போட்டுடலாம், இன்டேக் கன்ஃபர்ம்." முதல் வாக்கியம் பாதி உண்மை. இளநிலையில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில்தான், முதுநிலை அளவுக்கு ஆங்கிலப் படிப்புகள் கொட்டிக் கிடக்கவில்லை. ஆனால் இல்லாமல் இல்லை. டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தேடல் பக்கத்தில் இளநிலை, ஆங்கிலம், கணினித் துறை என்று வடிகட்டினால் கிடைக்கும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஹைல்பிரான் வளாகத்தில் நடத்தும் இன்ஃபர்மேஷன் இன்ஜினியரிங் ஆங்கிலத்தில்தான், ஆனால் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் அங்கே கட்டணம் உண்டு. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநில அரசின் பல்கலைக்கழகங்களில் எங்கே சேர்ந்தாலும் நமக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. நான் நான்கு இடம் தேர்ந்தெடுத்தேன், கட்டணம் இல்லாதவையாக.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு ஒரே முறையில் முடிந்தது. நம் மார்க் ஷீட்டெல்லாம் உண்மையானவை என்று ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய் கட்டி, நகல்களை டெல்லிக்குக் கூரியரில் அனுப்பினேன், மின்னஞ்சலில் வந்துவிட்டது. அவ்வளவுதான். கதை இனிமேல்தான்.

பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் உனி-அசிஸ்ட் தளத்தில் ஏற்ற வேண்டியது ஒரிஜினலின் கலர் ஸ்கேன். என்னிடம் இருந்தது கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ், அதுவும் மூலையில் மங்கிப்போனது. ஒரிஜினல் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட்டுகள் சேர்ந்த அன்றே கல்லூரி வாங்கி பீரோவில் வைத்துவிட்டது. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"ஒரிஜினல் எதுக்கு தம்பி?"

"ஸ்கேன் பண்ணணும் சார். அப்ளை பண்றேன்."

"எங்க?"

"ஜெர்மனி சார்."

கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஃபாரின்னு எழுதினா மேல கையெழுத்தே ஆகாது. பேங்க் லோன்னு எழுதிக் குடு. மூணு நாளைக்குத் தருவாங்க."

பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான் என்பதைப் பதிவு செய்து வைக்கிறேன். எழுதிக் கொடுத்தேன். துறைத் தலைவர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து, மறுபடி அலுவலகம். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். போனால் சாவி வைத்திருக்கிற மேடம் லீவு. திங்கள் போனால் மேடம் வந்திருக்கிறார், கடிதத்தைக் காணோம். மறுபடி எழுதி, மறுபடி இரண்டு கையெழுத்து. புதன்கிழமை மாலை நாலரைக்கு மார்க் ஷீட் கைக்கு வந்தது. போக வர நாற்பது நாற்பது கிலோமீட்டர் பஸ், மூன்று தடவை.

கையில் கிடைத்த அந்த மூன்று நாளில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள். போனில் எடுத்தால் நிழல் விழும், பிரௌசிங் சென்டரில் மெஷினில் வையுங்கள். பிளஸ் ஒன் மார்க் ஷீட்டை மறந்துவிடாதீர்கள், நான் மறந்து மறுநாள் திரும்பப் போனேன். அப்படியே நோட்டரி சான்றொப்பம் போட்ட நகல் இரண்டு செட் எடுத்து வைத்துக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

சரி, நோட்டரிக்கு வருவோம்.

பாஸ்போர்ட்டில் என் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது. மார்க் ஷீட்டில் என் பெயரும் அதன் வாலில் ஒரு எஸ்ஸும். நமக்கு இதில் குழப்பமே கிடையாது. இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்று பால்காரருக்கும் தெரியும். வெளிநாட்டில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பவருக்கு இவர்கள் இரண்டு ஆள். அதனால் "இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே நபரைக் குறிக்கும்" என்று ஒரு அஃபிடவிட் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். நீதிமன்ற வாசலில் ஒரு டைப்பிங் கடை. பாஸ்போர்ட்டையும் மார்க் ஷீட்டையும் காட்டினேன். பத்து நிமிடத்தில் முத்திரைத்தாளில் அடித்து, கையெழுத்து, சிவப்பு சீல், எல்லாம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. என் பெயரில் ஒரு 'த' உண்டு. மார்க் ஷீட், பாஸ்போர்ட் இரண்டிலும் அதற்கு வெறும் டி. டைப் அடித்தவர் அவருடைய காதுக்கு ஏற்றபடி டி-க்குப் பின்னால் ஒரு எச் சேர்த்திருந்தார். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நிரூபிக்க வேண்டிய தாளில் மூன்றாவதாக ஒருவன் பிறந்திருந்தான்.

திரும்பப் போனேன். "ஒரு எழுத்துதானே தம்பி, ஒயிட்னர் போட்டுத் தரேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லவே அரை மணி நேரம் ஆயிற்று. புதிதாக அடிக்க மறுபடி முத்திரைத்தாள், மறுபடி கட்டணம், நோட்டரி அன்று வெளியூர். அடுத்த நாள் அடித்துக் கொடுத்ததில் என் பெயர் சரி, அப்பா பெயரில் ஒரு எழுத்து குறைவு. மூன்றாவது தடவை நானே வீட்டில் டைப் செய்து பென் டிரைவில் கொண்டு போனேன். இதை முதல் தடவையே செய்யுங்கள். அடித்த தாளை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள், பின்னால் வரிசையில் நிற்பவர் உச்சுக் கொட்டினாலும் பரவாயில்லை.

ஜூன் 28-ல் எல்லாவற்றையும் ஏற்றினேன். மூன்று இடங்கள் உனி-அசிஸ்ட் வழியாக: முதலாவதற்கு 75 யூரோ, அடுத்த இரண்டுக்கும் முப்பது முப்பது. நான்காவது நேரடி விண்ணப்பம். மதிப்பெண்ணை அவர்கள் எப்படி மாற்றுவார்கள் என்று பலர் கேட்கிறார்கள், பவேரியச் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது. அதிகபட்சத்திலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள், அதிகபட்சத்திலிருந்து தேர்ச்சி மதிப்பெண்ணைக் கழித்து வந்ததால் அதை வகுங்கள், மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். என் பிளஸ் டூவுக்கு 600-ல் 522, தேர்ச்சிக்கு 210. எனவே 78-ஐ 390-ஆல் வகுத்து 0.2, மூன்றால் பெருக்க 0.6, ஒன்றைக் கூட்ட 1.6. அங்கே 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சி. நம் ஊரில் "எண்பத்தேழு பர்சன்ட்தானா" என்று கேட்ட மாமாவிடம் 1.6 என்றேன், அவர் இன்னும் கவலைப்பட்டார்.

ஆகஸ்டில் இரண்டு இடம் இல்லை என்றன, ஒன்று இன்னும் பதில் சொல்லவில்லை, ஒன்று எடுத்துக்கொண்டது. ஒன்று போதும்.

பிளாக்டு அக்கவுன்ட், அதாவது அங்கே செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட முன்கூட்டியே போட்டு வைக்கும் கணக்கு: 11,904 யூரோ, அன்றைய ரேட்டில் சுமார் 12 லட்சம். பாதி அப்பாவின் சேமிப்பு, மீதி சித்தப்பா. வங்கியில் இருந்தவர் குடும்பப் பராமரிப்பு என்று நோக்கத்தைக் குறித்து டிசிஎஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) கணக்குப் போட்டார், நாற்பதாயிரத்துக்கு மேல் வந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு இருபது சதவீதம் என்று பிடித்திருக்கிறார். படிப்புக்கு என்றால் அப்போது, 2025-ல், ஐந்து சதவீதம்தான், நோக்கக் குறியீடு எஸ்0305. அட்மிஷன் கடிதத்தைக் காட்டி அப்பா மெதுவாகச் சொன்னார், அவர் மேலாளரிடம் போய்வந்து மாற்றினார். பத்தாயிரத்துச் சொச்சம் பிடித்தார்கள், அதை வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். கல்விக் கடனாக எடுத்து அனுப்பினால் இந்தப் பிடித்தமே இல்லை. விசாவுக்குச் சென்னையில் ஒரு காலைப் பொழுது ஆயிற்று, சொல்லும்படி ஒன்றுமில்லை.

கடைசியாகக் கல்லூரி. ஜெர்மனியில் சேரும்போது ஒரிஜினலைக் கையில் காட்ட வேண்டும், அதனால் இந்த முறை மூன்று நாள் கடன் போதாது. மீதி இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் சர்டிபிகேட் என்றார்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது, படிக்காத ஆண்டுகளுக்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்று இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் அமைப்பான ஏஐசிடிஇ கல்லூரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அப்பா அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தார். சத்தம் போடவில்லை. மேஜையில் வைத்துவிட்டு, "நான் வெளியே உட்கார்ந்திருக்கேன் சார்" என்று மட்டும் சொன்னார். காலை பதினொன்று முதல் மூன்றே முக்கால் வரை உட்கார்ந்திருந்தோம். நடுவில் கேன்டீனில் தயிர் சாதம்.

மார்க் ஷீட்டுகளைக் கொடுத்தார்கள். கூடவே டிசியும். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் டிசியைப் பிரித்துப் பார்த்தேன். என் பெயரில் டி-க்குப் பக்கத்தில் ஒரு எச்.

நல்லவேளை, ஜெர்மனியில் யாரும் டிசி கேட்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருப்பார்.